கேட்காமல் போகிறவள்

இன்று ஞாயிற்றுக்கிழமை. கீழே எனக்கு ஒரு வேலையும் கிடையாது, பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும், நான் சமைக்கிற சத்துணவுக் கூடத்தில் பூனை படுத்திருக்கும், ஆனாலும் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒன்று இருக்கிறது, இன்னொன்றைக் காணோம். நாய் இழுத்துக்கொண்டு போயிருக்கும். இல்லை, இந்த மனுசன் ஒளித்து வைத்திருப்பார். போகாதே என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல என் வீட்டுக்காரருக்கு வாய் வராது, செருப்பை ஒளித்து வைக்கத்தான் வரும். உள்ளே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை. தூங்கினால் குறட்டை கூரையைத் தூக்கும். இப்போது ஒரு சத்தமும் இல்லை, நான் தேடுவதைக் காதால் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். இருக்கட்டும். வெறுங்காலோடு போனால் என்ன, காலே இல்லாமலா போகப்போகிறேன். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் கையை விட்டால் தட்டுப்படுகிறது, ஈரமாக, சில்லென்று. நாய் டிரம்முக்குப் பின்னால் வைக்காது. “கதவைச் சாத்திக்கங்க, குளிர் ஏறுது” என்று மட்டும் சொன்னேன். அவர் கழுத்து அசைந்தது. கூப்பிடுவார் என்று ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பேனோ? இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. இறங்கு பவுன்தாயி, இறங்கு. மேட்டில் நின்று யோசித்தால் முட்டிதான் வலிக்கும்.

பனி இன்னும் மிளகுக் கொடியிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. சில்வர் ஓக்கு இலைகள் வழுக்கும், இடது காலை முதலில் ஊன்ற வேண்டும், வலது முட்டியை நம்ப முடியாது. வீட்டுக்குள் காலண்டர் ஆணியில் என் பெயர் போட்ட அட்டை தொங்குகிறது. சிவப்புக் கயிறு, பிளாஸ்டிக் உறை, உள்ளே என் முகம். ரேஷன் கார்டுக்காக எடுத்த போட்டோ, திருட்டு முழி முழித்துக்கொண்டு இருப்பேனே, அதே போட்டோ. நான் கொடுக்கவில்லை. இவர்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்து, எனக்கும் சேர்த்துக் கைநாட்டு வைத்து வாங்கி வந்தார். எஸ்டேட் அனுமதியுடன் செல்பவர் என்று போட்டிருக்கிறது. செல்பவர். என் சொந்தப் பாதையில் நான் செல்பவர். “கழுத்துல போட்டுக்கிட்டா என்ன கொறஞ்சு போச்சு, தாலிக்கு மேல இன்னொரு கயிறு, அம்புட்டுத்தானே” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவரும் சிரிக்கவில்லை. அட்டை. மழைக்காலத்தில் இந்தப் பாதையில் காலில் ஏறுகிறதும் அட்டைதான், கடிக்கிறதே தெரியாது, குடித்து முடித்துத் தானாக விழுந்த பிறகுதான் ரத்தம் வடிகிறது தெரியும். ஊரில் எல்லார் கழுத்திலும் தொங்குகிறது. கல்யாணத்துக்குப் போனால்கூட கழற்ற மறந்து சிலபேர் அதோடு பந்தியில் உட்காருகிறார்கள். இப்போது காலில் ஏதோ ஊர்கிறது. குனிந்து பார்த்தால் ஒன்றுமில்லை, புல். பயந்தவள் காலுக்குப் புல்லும் கடிக்கும். யார் பயந்தவள்? நான் பயப்படவில்லை.

எங்கள் ஈச்சங்காட்டிலிருந்து கீழே ஊத்துமுக்கு ரோட்டுக்கு இறங்க இது ஒன்றுதான் வழி. தார் ரோடு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள், மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது, அதில் காலையில் கிளம்பினால் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற நேரத்துக்குத்தான் போய்ச் சேரலாம், அப்புறம் எப்போது உலை வைப்பது? இந்தப் பாதை யாரும் போட்டதில்லை. கால் போட்டது. சந்தைக்கு ஆரஞ்சுக் கூடை இறங்கியது, உப்பு மூட்டை ஏறியது, மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தோடு மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஏறினார்கள், இடையில் உட்கார்ந்து பெண் வேண்டாமென்றே திரும்பிப் போய்விடலாமா என்று பேசிக்கொண்டார்களாம், பிள்ளை இங்கேயே வந்து குடியேறிய பிறகும் என் மாமியார் கடைசிவரை அதைச் சொல்லிக் காட்டினாள். எஸ்டேட் அப்போதும் இருந்தது. பழைய முதலாளி காலத்தில் காப்பிச் செடிக்கு நடுவில் நாங்கள் போனோம், செடி அவருடையது, தடம் எங்களுடையது, அதைப் பற்றி யாரும் பேசியதேயில்லை, மூச்சு விடுவதைப் பற்றி யார் பேசுகிறார்கள். அவர் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். புது முதலாளி வந்தார், மரவீடுகள் கட்டினார், பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் தங்கிப் போக. வருகிறவர்களுக்கு மலை வேண்டும், மலையில் இருக்கிற ஆட்கள் கண்ணில் படக் கூடாது. முள்கம்பி வந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த கேட்டு வந்தது. அதில் ஒரு பூட்டு வந்தது.

எங்கள் ஊர்ச் செல்வராணிக்குப் பிரசவ வலி எடுத்தது அந்தக் கேட்டு வந்த ஐப்பசியில். மழை என்றால் அப்படி ஒரு மழை. கம்பளியில் தொட்டில் கட்டி மூங்கிலில் கோத்து நாலுபேர் தூக்கி இறங்குகிறார்கள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடி வருகிறேன், கேட்டு பூட்டியிருக்கிறது. சாவி மேனேசரிடம். மேனேசர் டவுனில். அப்போது காவலுக்கு இருந்தவன் வடக்கத்திப் பையன், கையை விரிக்கிறான், அவனுக்கு எங்கள் பேச்சும் புரியவில்லை, செல்வராணி போட்ட சத்தம் புரிந்தது, அழுதுவிட்டான். மேலே தூக்கித் தாண்டவைக்கப் பார்த்தோம், முடியவில்லை, அவள் என் கையை முறித்துவிடுவாள் போலிருந்தது, அங்கேயே, கேட்டுக்கு இந்தப் பக்கம், காப்பிச் சாக்கை விரித்து, மழையில், நான்தான் பிடித்தேன். வழுக்கியது. இப்போதும் உள்ளங்கையில் அந்த வழுக்கல் இருக்கிறது, பாருங்கள், கையை விரித்தால் சூடாக. பெண் குழந்தை. அழவில்லை. அழவில்லை. தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினேன், அப்புறம் அழுதது, மழையைவிடச் சத்தமாக. நான் கேட்டை ஓங்கி உதைத்தேன், முட்டி அன்றைக்குப் போனதுதான். இத்தனைக்குப் பிறகு எஸ்டேட்டுக்குப் பயம் வந்தது. பேப்பரில் போடுவார்களோ என்று. மேனேசர் ஊருக்குள் வந்தார், குழந்தைக்குச் சட்டை வாங்கி வந்தார், “இனி யாருக்கும் கஷ்டம் வேண்டாம், வீட்டுக்கு வீடு அட்டை தர்றோம், காட்டிட்டுத் தாராளமாப் போங்க” என்றார். தாராளமாக. முதல் அட்டையை வாங்கினது யார்? செல்வராணியின் புருசன். அவனைத் திட்டினேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்துத் திட்டை நிறுத்தினேன். பிள்ளை பெற்றவளைச் சேற்றில் கிடத்திப் பார்த்தவன், பூட்டுத் திறந்தால் போதும் என்றுதானே நினைப்பான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. இருக்கிறது. இல்லை.

பாதைக்காக நாங்கள் கோர்ட்டில் கேஸ் போட்டது அதற்கு முன்னாலேயே. வக்கீலம்மா சின்னப் பெண்தான், கண்ணாடி போட்டிருப்பாள், பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவாள். ஊர்க்கூட்டத்தில் எங்களோடு தரையில் உட்கார்ந்து சொன்னாள். “அவங்களக் கேட்டு நடந்தீங்கன்னா அது அவங்க கொடுக்கிற சலுகைம்மா. எப்ப வேணா நிறுத்துவாங்க. கேக்காம நடந்தாத்தான் அது உங்க உரிமை. பாதையை விட்டுறாதீங்க, தினமும் யாராவது நடந்துக்கிட்டே இருங்க.” அட்டை வந்த பிறகு அவளுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் பேனா மூடியைத் திறந்து மூடுகிற சத்தம்தான் கேட்டது, அல்லது எனக்கு அப்படிக் கேட்டது. “எல்லாரும் வாங்கிட்டாங்களா?” “நான் வாங்கல.” “நீங்க ஒருத்தராவது வாங்காம இருங்கக்கா. அவங்க கோர்ட்டுல அந்த அட்டையத்தான் காட்டப் போறாங்க, பாருங்க, எங்க தயவுலதான் போறாங்க, அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு.” நீங்க ஒருத்தராவது. அந்த வார்த்தை காதில் விழுந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. முதலில் முறைவைத்து நடந்தோம், ஞாயிற்றுக்கிழமைக்குக் கூட ஆள் இருந்தது, பேசிக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, கூட்டமாக. பிறகு ஒவ்வொருத்தராகக் கழன்றார்கள். ஒருத்திக்கு மரவீடு கூட்டுகிற வேலை, ஒருத்தனுக்குக் கட்டட வேலை, என் வீட்டுக்காரருக்கு வேலி போடுகிற வேலை. வேலி போடுகிற வேலை! என் பாதைக்குக் குறுக்கே முள்கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு வந்து கையில் கீறலுக்கு மஞ்சள் வைக்கச் சொன்னார். வைத்தேன். கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.

இப்போது பாதை வளைகிற இடம். இங்கே காட்டுமாடு நிற்கும். நேற்றைய சாணி கிடக்கிறது, ஈ மொய்க்கிறது. மாட்டுக்கு அட்டை கேட்பதில்லை. மாடு வந்தால் எஸ்டேட்டில் வந்து தங்குகிறவர்கள் கையைத் தட்டிச் சிரித்து போட்டோ எடுக்கிறார்கள், நான் வந்தால் போனைக் கீழே இறக்குகிறார்கள். ஒரு நாள் ஒரு பெண் என்னிடம் ஏதோ இங்கிலீசில் கேட்டாள், நல்ல பிள்ளை, முகத்தில் சூது இல்லை, எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டிருப்பாள், இந்த எஸ்டேட்டிலா என்று கையைக் காட்டினாள். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேன். அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வாரம் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது. கூலிக்காரி என்று நினைத்ததற்கு இல்லை, கூலி வேலை பார்த்தவள்தான் நான். இங்கே நடக்கிறவள் யாருக்காவது வேலைக்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவ்வளவு சுலபமாக நினைத்தாளே.

நேற்றுப் பொழுது சாய்கிற நேரத்தில் தவமணி வீட்டுக்கு வந்தான். என் தம்பி. திருப்பூரில் சாயப்பட்டறையில் நின்று நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியவன். மண்வெட்டி பிடித்தால் இருமல் அவனை இரண்டாக மடிக்கும். அவனால் செய்ய முடிகிற ஒரே வேலை உட்கார்ந்திருக்கிற வேலை, அதை எஸ்டேட்டுதான் கொடுத்தது, அந்தக் கேட்டில், வடக்கத்திப் பையன் போன பிறகு. அவன் மகள் நர்சுக்குப் படிக்கிறாள். காக்கிச் சட்டையில் அவனைப் பார்க்க முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, தோள் இரண்டும் தொங்கும், சட்டை வேறு யாரோ போட்டிருப்பது போல நிற்கும். நேற்று அவன் உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றான். அக்கா கையால் டீ வேண்டாம் என்று அவன் சொல்லி நான் கேட்டதில்லை. “யக்கா, நாளைக்கு ஒரு நாள் வராத.” நான் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தேன். “மொதலாளி குடும்பத்தோட வந்திருக்காரு. கேட்டுல கேமரா மாட்டிட்டாங்க. அட்டை இல்லாம ஒரு ஆள் உள்ள வந்தாலும் சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போன்னு மேனேசர் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமைதானே, ஒனக்குக் கீழ என்ன சோலி?” உமி பறந்தது. அவனுக்கு இருமல் வந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். வரேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அவன் நின்றான், என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து பீடியைப் பார்த்தார், அவன் போய்விட்டான். ராத்திரி முழுக்க அவன் இருமல் என் காதிலேயே இருந்தது, அவன் வீடு அந்தக் கோடியில் இருக்கிறது, கேட்கவே முடியாது, ஆனாலும் கேட்டது.

ஒரு நாள்தானே. ஒரு நாள் நடக்காவிட்டால் என்ன ஆகும், பாதை எழுந்து ஓடிவிடுமா? எனக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள். காய்ச்சலில் படுத்தால் உரிமை போய்விடுமா? வக்கீலம்மா அப்படியெல்லாம் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் காய்ச்சல் இல்லையே. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன், குளிர்ந்துதான் இருக்கிறது, வேர்வை. இன்றைக்கு முதலாளி வந்திருக்கிறார் என்று நின்றால் நாளைக்கு அவர் மச்சான் வந்திருக்கிறார் என்று நிற்க வேண்டும், அப்புறம் சீசன், அப்புறம் யாரோ கல்யாணம், அப்புறம் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அடுத்த காரணம் அதன் பின்னாலேயே வரும், ஆட்டுக்குப் பின்னால் ஆடு போகிற மாதிரி. ஆனால் தவமணி. அவன் சட்டை. நர்சுக்குப் படிக்கிற பிள்ளை. நான் நடந்தால் பறிபோகிறது அவன் சோறு. முதலாளி சோறு இல்லை, மேனேசர் சோறு இல்லை, என் கூடப் பிறந்தவன் சோறு. எத்தனை சாமர்த்தியமாகக் கட்டியிருக்கிறார்கள் இந்த வேலியை. முள்கம்பி என் புருசன் கையால், பூட்டு என் தம்பி கையால். முதலாளி முகத்தைக்கூட நான் இன்னும் பார்த்ததில்லை. அவரோடு சண்டை போட வேண்டுமானால் முதலில் என் வீட்டைத் தாண்ட வேண்டும். திரும்பிப் போய்விடலாமா? கால் நின்றுவிட்டது. நான் நிறுத்தினேனா, அதுவாக நின்றதா தெரியவில்லை. மேலே பார்க்கிறேன், கீழே பார்க்கிறேன். ஒரு பலாக்காய் மரத்தில் ஒட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாத மாதிரி.

அப்போதுதான் அது உறைத்தது. தினமும் காலையில் நான் போகும்போது என்ன நடக்கிறது? தவமணி கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான். பல் தேய்ப்பான், அல்லது மரத்தைப் பார்ப்பான், நான் போய்விடுவேன். ஒரு வார்த்தை கிடையாது. நான் அட்டை வாங்காதவள், கேட்காதவள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தேனே, அவன் திறந்துவிட்டதால்தானே போனேன்? அவன் திரும்பிக்கொண்டதால்தானே? ஊரில் மற்றவர்கள் மேனேசர் தயவில் போனார்கள், நான் தம்பி தயவில் போனேன். வாயைத் திறந்து கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம், கண்ணால் கேட்டிருக்கிறேன், தினமும், அக்கா என்கிற முகத்தை வைத்துக் கேட்டிருக்கிறேன். முகமே என் அட்டையாக இருந்திருக்கிறது. ச்சீ என்று இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. தனியாக நின்று சிரிக்கிறேன், காட்டுமாடு கேட்டால் ஓடிவிடும். அவன் நேற்று வந்து சொன்னது நல்லது. அவன் இனிமேல் திறக்க மாட்டான். திறக்க வேண்டாம். அவன் அவன் வேலையைப் பார்க்கட்டும், பூட்டிக்கொண்டு உட்காரட்டும், அதற்குத்தானே அவனுக்குச் சம்பளம். நான் என் வேலையைப் பார்க்கிறேன். அவன் திறந்து நான் போனால் அது அவன் குற்றம். பூட்டியிருக்க நான் போனால் அவன்மேல் என்ன குற்றம்? கால் மறுபடி நகர்ந்தது. இடது காலை முதலில் ஊன்று.

கேட்டு தெரிகிறது. பச்சை. மேலே கம்பத்தில் வெள்ளையாக ஒன்று, காக்கைக் குஞ்சு அளவுக்கு, அதில் சிவப்பாக ஒரு புள்ளி எரிகிறது. அதுதான் போலிருக்கிறது. இவ்வளவு சின்னதா? இதற்கா ராத்திரி தூங்கவில்லை? தவமணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்தான். எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை. சின்னக் கதவிலும் புதுப் பூட்டு, பெரிய கதவிலும் புதுப் பூட்டு. நான் கம்பிக்கு இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். சின்ன வயதில் அவனை இப்படித்தான் பார்த்தேன் ஒரு தடவை, அம்மை போட்டு ஜன்னலுக்கு உள்ளே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, யக்கா யக்கா என்று. இப்போதும் அதே கண்தான். “நான்தான் சொன்னேன்ல யக்கா.” குரல் உள்ளே போயிருந்தது. “சொன்ன.” “அப்பறம் ஏன் வந்த?” “நீ பூட்டிக்க தவமணி. ஒன்னையத் தெறக்கச் சொல்லி வரல.” “அட்டையக் கொண்டாந்தியா? மச்சான் வாங்கி வச்சிருக்காருல்ல. காட்டு, தெறந்துடறேன். ஒரு தடவ. எனக்காக.” எனக்காக என்று அவன் சொல்லியிருக்கக் கூடாது. அட்டை ஆணியில் தொங்குகிறது, எடுத்து வந்திருக்கலாம், இவனுக்காக, செத்துப்போன எங்கள் அம்மாவுக்காக. “காட்டினா அது முடிஞ்சு போச்சுடா” என்றேன். “ஊரே காட்டிருச்சு. நான் ஒருத்திதான் பாக்கி. நானும் காட்டிட்டா செல்வராணி மக பெரியவளாகி இந்த வழியாப் போறப்ப அவளும் கயித்த மாட்டிக்கிட்டுத்தான் போகணும். அவ பொறந்த எடம்டா இது.” கம்பத்தைத் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தான். “எதுக்கு யக்கா ஞாயித்துக்கிழம கீழ போற? அதையாச்சும் சொல்லு. ஆஸ்பத்திரின்னு சொல்லிக்கிறேன்.” “ஆஸ்பத்திரி இல்ல. சும்மா போறேன்.” “சும்மாவா?” “சும்மாத்தான்.”

சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துத் தார்ப்பாய்ச்சிச் செருகினேன். செருப்பைக் கழற்றி அந்தப் பக்கம் எறிந்தேன், ஒன்று அவன் காலடியில் விழுந்தது. இரும்பு பனியில் ஊறி ஜில்லென்று இருந்தது. இடது காலைக் குறுக்குக் கம்பியில் வைத்தேன், வலது முட்டியை நம்ப முடியாது, கையை நம்பு, அண்டாச் சோறு இறக்குகிற கை. உடம்பைத் தூக்கினதும் கேட்டு ஆடியது. சங்கிலி கலகலவென்று சத்தம் போட்டது, ஊரைக் கூட்டுகிற சத்தம், தூரத்தில் ஒரு மரவீட்டின் பால்கனியில் யாரோ காப்பிக் கோப்பையோடு எழுந்து நின்றார்கள். நான் விழுந்தால் சிரிப்பார்கள். விழுந்து முட்டி உடைந்தால் பைத்தியக்காரி ஏறி விழுந்தாள் என்று கேமராவைக் காட்டுவார்கள் கோர்ட்டில். நல்லது, காட்டட்டும். ஏறினாள் என்று காட்டட்டும். கழுத்தில் ஒன்றும் இல்லாமல் ஏறினாள் என்று காட்டட்டும். இரண்டாவது கம்பி. மூச்சு வாங்குகிறது. உச்சியில் வேல் மாதிரி கூர் கூராக வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் காலைத் தூக்கிப் போட வேண்டும், இந்த வயதில், இந்தச் சேலையில், கேட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஊஞ்சலாடுகிறது, கண்ணை இருட்டுகிறது, இறங்கிவிடு, இறங்கிவிடு என்று முட்டி கெஞ்சுகிறது. அப்போது ஆட்டம் நின்றது. சட்டென்று நின்றது. குனிந்து பார்த்தேன். தவமணி இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்திருந்தான். காலை அகட்டி ஊன்றி, தோளைக் கொடுத்து, நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல். காக்கிச் சட்டையின் முதுகு இருமலில் குலுங்கியது, கை மட்டும் குலுங்கவில்லை. “கூரு இருக்கு, பாத்து” என்றான். “சேலை மாட்டிக்கும். வலப்பக்கமாப் போடு.” வலப்பக்கமாகப் போட்டேன். எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை, கால் மண்ணைத் தொட்டது, என் மண், சொதசொதவென்று. முழங்கையில் தோல் போயிருந்தது. அவன் செருப்பை என் பக்கம் காலால் தள்ளிவிட்டான்.

மேனேசர் புல்லட்டில் வந்து சேரும்போது நான் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். கேமரா போனில் தெரியும் போலிருக்கிறது, போனைக் கையில் பிடித்தபடியே வந்தார், சவரம் பாதி செய்த முகம், ஒரு கன்னத்தில் நுரை. “யாருய்யா கேட்டைத் தெறந்தது?” தவமணி விழுந்து கிடந்த ஸ்டூலை எடுத்து நிமிர்த்தி வைத்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, கையைத்தான் பார்த்தேன். உள்ளங்கையில் பச்சைப் பெயின்ட் உதிர்ந்து ஒட்டியிருந்தது. “தெறக்கல சார். பூட்டு பூட்டுனபடியேதான் இருக்கு.” “அப்ப இந்தம்மா எப்படி உள்ள வந்துச்சு?” “ஏறி வந்துச்சு சார்.” “நீ பாத்துக்கிட்டு நின்னியா?” “இல்ல சார். புடிச்சுக்கிட்டேன்.” மேனேசருக்கு அது புரியவில்லை. எனக்கும் ஒரு கணம் புரியவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார், குரலைத் தாழ்த்திக்கொண்டார், பால்கனியில் ஆட்கள் நிற்கிறார்கள் அல்லவா. “ஏம்மா, அட்டை குடுத்திருக்கோம்ல? காட்டிட்டுப் போனா யாரு தடுக்கப் போறா? எங்க போறீங்க, சொல்லுங்க.” நான் என்னென்னவோ சொல்ல வைத்திருந்தேன். எத்தனை ராத்திரி படுத்துக்கொண்டு பேசிப் பார்த்திருக்கிறேன், செல்வராணி, கம்பளித் தொட்டில், உப்பு மூட்டை, கோர்ட்டு, எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஒன்றும் தேவைப்படவில்லை. “கீழ” என்றேன். நடக்க ஆரம்பித்தேன்.

முதுகில் ஏதாவது வந்து விழும் என்று நினைத்தேன், கை, கல், நாய், எதாவது. ஒன்றும் விழவில்லை. மேனேசர் கத்துகிற சத்தம்தான், என்னை இல்லை, அவனை, சட்டையைக் கழட்டு என்கிறார், மொதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது என்கிறார். திரும்பிப் பார்க்காதே. திரும்பினால் ஓடிப்போய் அவன் முன்னால் நின்றுவிடுவேன், அக்காவாகிவிடுவேன், மன்னிப்புக் கேட்டுவிடுவேன், அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன் சார் என்றுகூடச் சொல்லிவிடுவேன். நர்சுக்குப் படிக்கிற பிள்ளைக்கு என்ன சொல்வேன்? சத்துணவில் எனக்குக் கிடைப்பதில் பாதி, வீட்டுக்காரரையும் அதட்டி வாங்க வேண்டும், ஊரைக் கூட்ட வேண்டும், ஊருக்காகத்தான் போனது அவன் வேலை, ஊர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடுமா, இருக்கவிடுவேனா, வீடு வீடாகப் போய் ஆணியிலிருந்து அந்த அட்டைகளைக் கழற்றிக்கொண்டு வருகிறேனா இல்லையா பார். கண்ணில் தண்ணீர் வந்து பாதை தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, காலுக்குத் தெரியும். “கடைசியாக் கேக்கறேன்” என்று மேனேசர் குரல் காப்பிச் செடிக்கு மேலாக வருகிறது, “நாளைக்கு இந்தப் பொம்பள இந்தப் பக்கம் வராம ஒன்னால பாத்துக்க முடியுமா, முடியாதா?” ஒரு இருமல். இன்னொரு இருமல். அப்புறம் என் தம்பியின் குரல், சத்தமில்லாமல், நேரம் என்ன என்று கேட்டவனுக்குப் பதில் சொல்கிற மாதிரி.

“அது நாளைக்கும் வரும் சார்.”

வேகமாகப் போனால் தப்பித்துப் போகிறவள் மாதிரி இருக்கும் என்று, பாதையின் நடுவில், மெதுவாகவே நடந்தேன்.